ஹோல்பர்ன் தூய ஆல்பன் ஆலய வரலாறு



பொருள் கொடுத்துக் கோயிலைக் கட்டினவர்க்கு அக்கோயிலில் எவ்வளவு உரிமை உண்டு? அங்கே நாள்தோறும் வழிபடுவோர்க்கு உள்ள உரிமை யாது? இவர்களுக்குள் மாறுபாடு நேர்ந்தால் நியாயமன்றம் உட்புகுந்து அதனைத் தீர்த்தல் கூடுமா? இவ்வினாக்கள் நம் நாட்டிற்கே உரியன என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது. விக்டோரியா அரசியார் காலத்தில் இலண்டன் மாநகரில் எளியோர் வாழும் தெருவொன்றில் எழுந்த கிறித்தவ ஆலயம் ஒன்று பல்லாண்டு இவ்வினாக்களாலேயே அலைப்புண்டது. அதன் வரலாற்றை இத்திங்கள் நம் உறுப்பினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். பிற சமயத்தார் கோயிலின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் தள்ளிவிட வேண்டா. அக்கதையினூடே நம் தமிழ்நாட்டின் சுவடுகளும் இரண்டிடத்தில் காணப்படும்.

இலண்டனின் பழைய நகர எல்லைக்கு மேற்கே அடுத்து அமைந்தது ஹோல்பர்ன் என்னும் பகுதி. பள்ளத்தில் ஓடும் ஓடை என்பது அப்பெயரின் பொருள். பிளீட் என்னும் சிற்றாறு அவ்வழியே ஓடித் தேம்ஸ் ஆற்றிற் கலந்தது. இப்போது அது நிலத்தின் கீழ் மூடிய கால்வாயாய் மறைந்துவிட்டமையால், ஓடை போயினும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கின்றது. அப்பகுதியின் ஒரு பக்கத்தே கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் கழகத்தின் மாளிகைகளும் சோலையும் இருந்தன. மறுபக்கத்தே, கூப்பிடு தூரத்திலேயே, ஒளியும் காற்றும் புகாத சந்துகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் நெருங்கி வாழ்ந்தனர். கூடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் பழமும் மீனும் விற்போரும், அன்றாடக் கூலிகளும், வேலையற்றோரும், திருட்டுத் தொழிலினரும் அங்கே கலந்திருந்தனர். சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'ஆலிவர் டுவிஸ்ட்' என்னும் நாவலில் சிறுவர்க்குத் திருடக் கற்பிக்கும் கிழவனை வைத்த இடமும் இதற்கு அண்மையிலுள்ள சாப்ரன் ஹில் பகுதியே.

இப்பகுதித் தெருக்களுள் ஒன்று புரூக் தெரு. தாமஸ் சாட்டர்டன் என்னும் இளங்கவிஞன் 1770-ஆம் ஆண்டில் இத்தெருவிலே ஒரு மேன்மாடத்து அறையில் நஞ்சுண்டு இறந்தான். அவனுக்கு வயது பதினேழே. தான் இயற்றிய பாடல்களைப் பழம்புலவர் ஒருவர் பாடியன என்று காட்டிப் புகழ்தேட முயன்ற அவன், வறுமையில் மடிந்த பின்னரே உலகத்தாரால் அறியப்பட்டான். புரூக் தெருவை அடுத்துள்ளது பால்ட்வின் தோட்டம் என்னும் தெரு. பெயரில் தோட்டம் உண்டாயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்தவை நெருங்கிய குடியிருப்புகளே. ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு இத்தெருவின் பெயர் தனி மகிழ்ச்சி தருவதாகும். அதன் காரணத்தைச் சிறிது விரித்துரைப்போம்.

ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர் 1787-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். 1789-ஆம் ஆண்டில் எழும்பூரில் போர்வீரர்தம் அநாதைச் சிறுவர்க்கென ஏற்பட்ட பள்ளியின் தலைவரானார். ஒருநாள் அவர் குதிரை மீது செல்லுங்கால், நம் நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையிற் பரப்பிய மணலிலே விரலால் எழுத்தெழுதிப் பயிலுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்விக்க முற்பட்டார். உதவி ஆசிரியர்கள் அதனை விரும்பாமையால், பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளைய மாணவர்க்குக் கற்பிக்கச் செய்து வெற்றி கண்டார். மூத்த மாணாக்கன் இளையோர்க்குக் கற்பிக்கும் இம்முறையைத் தாமே கண்டதாக அவர் கூறினார். எனினும் நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்பான் ஒருவன் இருந்து வந்ததை நம் பாட்டனார் காலத்தவர் யாவரும் அறிவர். எவ்வாறாயினும், 1797-ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் அச்சிட்ட அறிக்கையின் வழியாக அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஏழைச் சிறுவர்க்குக் கல்வி புகட்ட 1811-ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம், அம்முறைக்கு முன்மாதிரியாகத் தன் நடுநிலையப் பள்ளியை 1812-ஆம் ஆண்டில் நிறுவியது இந்தப் பால்ட்வின் தோட்டத்திலேயே. தமிழ்ச் சிறுவரின் மணலெழுத்து ஹோல்பர்ன் சந்துகளின் ஏழைச் சிறுவர்க்கு ஏடு தொடங்க உதவியது என்பதை நினைக்குந்தோறும் எம் உள்ளம் உவக்கின்றது. இன்றும் தூய ஆல்பன் பங்கினரின் பள்ளி அத்தெருவிலேயே நடைபெறுகின்றது.

நிற்க. இனி ஆலயத்தின் வரலாற்றுக்கு வருவோம். அக்காலத்து இங்கிலாந்தின் ஆலயங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வழிபாட்டுக் கூடத்தின் இருக்கைகளை ஆண்டு வாடகைக்கு விடுவர். பணம் செலுத்தியவர் குடும்பத்திற்கு இன்ன இருக்கை என்று வரையறுக்கப்படும். பல ஆலயங்களில் அவ்விருக்கைகள் கதவிட்ட சிறு அறைகளாகவே இருந்தன. வாடகை கொடுக்க இயலாத ஏழைகள் பின்புறத்திலோ, ஓரத்திலோ, மேல்மாடத்திலோ போடப்பட்ட பலகைகளில் அமர்தல் வேண்டும். கந்தையுடுத்தோர் பட்டுடுத்தோர் காண வந்தமர நாணி ஆலயத்திற்கு வாராதொழிந்தனர். வாயிலில் எவரும் தடுக்கவில்லை. ஆயினும் உள்ளே அவர்க்கு இடம் இல்லை. வாயிலிலேயே தடுப்பது ஒரு வகை; வரவிட்டு உள்ளே வெட்கமுறச் செய்வது மற்றொரு வகை. இரண்டும் பயனால் ஒன்றே என்பதை உற்று நோக்குவார் அறிவர்.

இக்குறையை நீக்கும்பொருட்டு இருவர் முன்வந்தனர். ஒருவர் லீ பிரபு. அவர் நிலம் கொடுத்தார். மற்றவர் ஜான் கெல்லிபிராண்ட் ஹப்பர்ட் என்னும் வணிகச் செல்வர். 1853 முதல் 1855 வரை இங்கிலாந்து வங்கியின் தலைவராயிருந்தவர் அவர்; பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். அவர் தம் பொருளாலேயே ஆலயத்தைக் கட்டினார். அதன் இருக்கைகள் ஏழைகளுக்கு என்றென்றும் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அக்கொடையின் கருத்து. பிரித்தானிய நாட்டில் முதன்முதற் கிறித்தவ சமயத்தின்பொருட்டு உயிர்நீத்தவர் என்று போற்றப்படும் ஆல்பன் என்பார் பெயரே ஆலயத்திற்கு இடப்பட்டது. துரத்தப்பட்டு வந்த குரு ஒருவருக்குத் தம் இல்லத்தில் புகலிடம் கொடுத்து, அவர் தப்பும்பொருட்டுத் தாம் அவருடைய மேலாடையை அணிந்து பிடிபட்டவர் அவர் என்று கூறுவர். ஏழைகளுக்குப் புகலிடமாய் எழுந்த ஆலயத்திற்கு அப்பெயர் பொருத்தமானதே.

சிற்பத் தலைவர் வில்லியம் பட்டர்பீல்டு. 1859-ஆம் ஆண்டில் பிரதிட்டையான மார்கரெட் தெருச் சகலபரிசுத்தவான்கள் ஆலயத்தால் புகழ் பெற்றவர் அவர். செங்கல் எளியது, கல்லே உயர்ந்தது என்னும் கொள்கையை மறுத்து, நிறம் வேறுபட்ட செங்கல் வரிகளாலேயே ஆலயங்களுக்கு அழகு செய்து காட்டினார். புரூக் தெருவில் அவருக்குக் கிடைத்த மனை நாற்புறமும் வீடுகளால் அடைபட்டது. ஆகவே அவர் கட்டடத்தை வானோக்கி மிக உயரமாக எழுப்பினார். மேற்கே, இருபுறமும் சரிந்த கூரையுடைய கோபுரம் ஒன்றை அமைத்தார். தெருவினின்று நுழைவோர் ஒரு வளைவின் கீழ்ச் சென்று சிறு முற்றத்தை அடைந்து உள்ளே புகுவர். இலண்டன் அத்தியட்சராகிய டெயிட் என்பார் 1863-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ஆம் நாள் ஆலயத்தைப் பிரதிட்டை செய்தார்.

ஆலயத்தின் முதற் குருவானவர் அலெக்சாண்டர் மக்கானக்கி. 1825-ஆம் ஆண்டில் பிறந்து ஆக்ஸ்போர்டில் கற்றுத் தேர்ந்து, இலண்டனின் கிழக்கே கப்பற்றுறை ஏழைகளிடையே சில ஆண்டு பணி செய்தவர். ஆலயம் கட்டி முடியும்வரை காத்திராமல், 1862-ஆம் ஆண்டிலேயே அண்மைத் தெருக்களில் ஒரு சிற்றறையிலும் பின் ஒரு நிலவறையிலும் மக்களைக் கூட்டி வழிபாடு தொடங்கினார். அவர்க்கு உதவிக் குருவாய் அமைந்தவர் ஆர்தர் ஸ்டாண்டன் என்னும் இளைஞர். இவர் சிறிது செல்வமுடைய குடியிற் பிறந்தமையால் ஊதியம் பெறாமலே தொண்டு செய்தார். தெருவில் விற்போரும், தபாற்காரரும், சிறை மீண்டோரும் இவரைத் தம் வீட்டாருள் ஒருவராகவே கொண்டனர். எவ்வகை உயர்பதவியும் ஏற்காமல், அதே ஆலயத்தில் அதே உதவிக் குருவாகவே ஐம்பதாண்டு இருந்து 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறந்தார். அவர் உடல் சென்ற வழியெங்கும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்று கண்ணீர் விட்டனர்.

இத்துணை நற்பணி நிகழும் இடத்தில் வழக்கு எவ்வாறு புகுந்தது? மக்கானக்கியார் வழிபாட்டில் சில சடங்குகளை மேற்கொண்டார். திருப்பலி மேடையில் பகலிலும் விளக்கேற்றினார், தூபம் காட்டினார், திருவிருந்துக் கிண்ணத்துத் திராட்சை இரசத்தில் நீர் கலந்தார், திருவிருந்தின் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டினார், அவற்றின்முன் முழந்தாளிட்டு வணங்கினார். விளக்கும் தூபமும் இன்றி நம்மவர்க்கு வழிபாடே இல்லையாதலின், இவை குற்றமாவது எங்ஙனம் என்று நாம் வியத்தல் இயல்பே. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத் திருச்சபை ரோமாபுரித் திருச்சபையினின்று பிரிந்தபோது இத்தகைய சடங்குகள் பல நீக்கப்பட்டன. அவை மீளப் புகுந்தால் ரோமாபுரியின் ஆட்சியும் உடன் புகும் என்று ஒரு சாரார் அஞ்சினர். கண்ணும் செவியும் உள்ளமும் ஒருங்கே ஈர்க்கப்படும் வழிபாடே, நூல் கல்லா ஏழையையும் இறைவன்பால் அழைத்துச் செல்லும் என்று மற்றொரு சாரார் கருதினர். இரு சாராரிடத்தும் உண்மையான அச்சமும் உண்மையான அன்பும் இருந்தன என்பதை நடுநின்று நோக்குவார் ஒப்புவர்.

ஆலயத்தைக் கட்டிக்கொடுத்த ஹப்பர்டே இச்சடங்குகள் சிலவற்றை ஒப்பவில்லை. தம் மறுப்பை எழுத்தால் தெரிவித்து நெடிது வாதிட்டார். பொருள் தந்தவர் சொல்லைக் கேளாதது நன்றியின்மை என்றனர் சிலர். ஏழைகளுக்கெனக் கொடுத்துவிட்ட பின்னர் அது கொடுத்தவர் பொருளன்று என்றனர் வேறு சிலர். யாம் உன்னற்பாலது ஒன்று உண்டு: கருத்து மாறுபட்டபோதும் ஹப்பர்ட் தம் கொடையை மீட்க முயன்றதில்லை, ஏழைகளின் இருக்கைகளுக்கு வாடகை விதிக்கச் சொன்னதும் இல்லை. அவர் 1889-ஆம் ஆண்டில் இறந்தார். அவர் திறந்த வாயில் திறந்தபடியே இருந்தது.

வழக்குத் தொடுத்தவரோ வேறொருவர். 1867-ஆம் ஆண்டில் ஜான் மார்ட்டின் என்பார் பெயரால் வழக்குத் தொடங்கிற்று. சடங்குகளை எதிர்த்தற்கென்றே 1865-ஆம் ஆண்டில் தோன்றிய சங்கம் ஒன்று அதற்குப் பின்னே துணை நின்றது. 1868-ஆம் ஆண்டில் திருச்சபை நியாயாதிபதி பில்லிமோர் என்பார் தூபம் முதலிய சிலவற்றைத் தடுத்து, விளக்கை விலக்கவில்லை. மேல்முறையீடு பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் அம்மன்றம் விளக்கையும் முழந்தாளிடுதலையும் தடுத்துத் தீர்ப்பளித்தது. ஆணையை எழுத்தளவிற் கைக்கொண்டு கருத்தளவில் மீறினார் என்று மீண்டும் குற்றம் சாட்டப்பட்டு, 1870-ஆம் ஆண்டில் மக்கானக்கியார் மூன்று மாதம் பணியினின்று நிறுத்தப்பட்டார். 1874-ஆம் ஆண்டில் மறுபடியும் வழக்கு. அதன் பயனாக 1875-ஆம் ஆண்டில் ஆறு வாரம் நிறுத்தம். அதன் பின்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

ஈண்டு நம் நாட்டுச் சுவடு இரண்டாம் முறை காணப்படுகின்றது. பிரிவி கவுன்சில் என்னும் அம்மன்றமே சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளின் மேல்முறையீட்டையும் கேட்டு முடிவு கூறி வந்தது. கமுதி வழக்கு என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார் சமூகத்தார் நுழைந்து வழிபட்டமை பற்றி 1897-ஆம் ஆண்டில் எழுந்த வழக்கு அது. மதுரையிலும் சென்னையிலும் தோற்ற அவர்கள் கடல்கடந்து அம்மன்றத்தை அடைந்தனர். 1908-ஆம் ஆண்டில் அங்கும் அவர்க்கு எதிராகவே முடிவாயிற்று. இலண்டனில் ஏழைகளின் ஆலயத்து விளக்கை அணைக்கச் சொன்ன மன்றம், தமிழ்நாட்டில் ஒரு பெருஞ்சமூகத்தார் இறைவன் சந்நிதி செல்லும் வழியையும் அடைத்தது. பழைய வழக்கமும் பழைய ஏடும் எவ்வாறு இருந்தன என்று ஆராய்வதே நியாயமன்றத்தின் தொழில். வழிபடுவோன் உள்ளத்தின் தாகத்தை அளக்க அதற்குக் கோல் இல்லை.

அத்தீர்ப்புகள் இரண்டும் நிலைத்தனவோ என்றால், இல்லை. 1890-ஆம் ஆண்டில் லிங்கன் அத்தியட்சர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் தலைமை அத்தியட்சர் பென்சன், விளக்கு வைத்தல் குற்றமன்று என்று தீர்ப்பளித்தார். 1892-ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் அதன் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. நம் நாட்டிலோ 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் இந்துக்கள் எல்லார்க்கும் கோயிற் கதவைத் திறந்தது. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்வதே 1949-ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வழக்காடிப் பொருளையும் வாழ்நாளையும் இழந்தவர்க்கு மட்டும் அவை மீண்டு வரவில்லை.

மக்கானக்கியாரின் முடிவைக் கேட்பவர் இரங்காதிருத்தல் அரிது. 1863-ஆம் ஆண்டில் ஆலயத்தைப் பிரதிட்டை செய்த டெயிட், பின்னர்த் தலைமை அத்தியட்சராயினார். 1882-ஆம் ஆண்டில் அவர் இறக்குந் தறுவாயில் இருந்தபோது, திருச்சபையின் அமைதிக்காகப் பதவியை விட்டு விலகுமாறு மக்கானக்கியாரை வேண்டி எழுதினார். பல்லாண்டு மன்றங்களின் ஆணைக்கு வளையாதவர், சாகும் முதியவர் ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்கினார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் முதல் நாள் விலகினார்; மூன்றாம் நாள் டெயிட் உயிர் நீத்தார். மக்கானக்கியார் இலண்டன் துறைமுகப் பகுதியிலுள்ள தூய பேதுரு ஆலயத்திற்குச் சென்றார். அங்கிருந்த சக்லிங் என்பார் தூய ஆல்பன் ஆலயத்திற்கு வந்தார். ஆயினும் வழக்கு அவரைத் துரத்திச் சென்றது. 1883-ஆம் ஆண்டில் அவர் பதவி பறிக்கப்பட்டது. பதவியற்றவராய்த் தம் பழைய ஹோல்பர்ன் மக்களிடமே மீண்டு, உடலும் நினைவும் தளர்ந்த நிலையில் இயன்ற தொண்டு செய்துவந்தார்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தவர், 15-ஆம் நாள் இரு நாய்களோடு மலைவழியே உலாவச் சென்றார். இரவு வந்தும் மீளவில்லை. பனிப்புயல் வீசிற்று. இரண்டு நாள் தேடியபின், பனியிற் புதைந்து உயிரற்றுக் கிடந்த அவர் உடலைக் கண்டனர். அவ்விரு நாய்களும் உடலின் அருகே காவலிருந்தன. அவருடைய நினைவாக ஆலயத்தோடு சேர்த்து ஒரு சிற்றாலயம் எழுப்பப்பட்டது.

பட்டர்பீல்டின் கட்டடமும் நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1941-ஆம் ஆண்டில் விழுந்த குண்டுகளால் ஆலயம் தீக்கிரையாயிற்று. மேற்கே உள்ள கோபுரம் பிழைத்து நின்றது. ஏட்ரியன் கில்பர்ட் ஸ்காட் என்னும் சிற்பர் புதுக்கிய ஆலயம் 1961-ஆம் ஆண்டில் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. கிழக்குச் சுவரை நிறைத்து நிற்கும் பேரோவியத்தை 1966-ஆம் ஆண்டில் முடித்தவர் ஹான்ஸ் பைபுஷ். அவர் ஜெர்மனியிற் பிறந்த யூதர்; ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். ஜெர்மானியர் குண்டால் வெந்த ஆலயத்தின் சுவருக்கு ஜெர்மனியினின்று துரத்தப்பட்டவர் ஒருவரே வண்ணம் தீட்டினார். புகலிடம் கொடுத்த ஆல்பனின் பெயருடைய ஆலயத்தில் இது நிகழ்ந்தமை நினைக்கத்தக்கது. இன்று அச்சந்துகளில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்துள்ளன. பக்கத்தே ஹேட்டன் கார்டனில் வைர வணிகம் நடக்கின்றது. லெதர் லேன் என்னும் தெருவில் மட்டும் இன்னும் சந்தை கூடுகின்றது. ஆலயத்தில் வழிபாடும் இடையறாது நிகழ்கின்றது.

அன்பர்களே! நம்மவர் கோயில் திருப்பணி செய்கின்றோம். சத்திரமும் பள்ளியும் கட்டுகின்றோம். மண்டபத்துச் சுவரில் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுகின்றோம். இவை நல்லனவே. ஆயினும் முதல் மரியாதை யார்க்கு, பரிவட்டம் யார் தலையில், தேர்வடத்தை முதலில் தொடுபவர் எவர் என்னும் பூசலால் கொடுத்த பொருளினும் மிகுந்த பொருளை வழக்கில் இழந்த ஊர்கள் நம் நாட்டில் எத்தனை! திருவிழாவே நின்று, இறைவன் இருளில் இருக்க, இரு திறத்தாரும் வக்கீல் வீட்டு வாயிலில் காத்துநின்ற கதைகளை நாம் அறியோமா? தூய ஆல்பன் ஆலயத்தின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. அங்கே வழக்காடி வென்றவரை இன்று எவரும் நினையார். ஊதியமின்றி ஐம்பதாண்டு உழைத்த உதவிக் குருவை நினைக்கின்றனர். வாடகையின்றி ஏழைகளை அமர்த்திய இருக்கைகளை நினைக்கின்றனர்.

ஆகவே, இனி நம்மவர் எங்கேனும் ஓர் அறச்சாலை எழுப்பக் கருதுங்கால், எவ்வளவு பொருள் சேர்ந்தது என்று எண்ணுமுன், அதன் உள்ளே கடைசியில் வருபவன் எங்கே அமர்வான் என்று எண்ணுவோமாக. அதற்கு விடை கண்டபின் அடிக்கல் நாட்டுதல் நன்று.